தாளில் படிந்த தாளிப்பு

இண்டூரில் மதியத்துக்குக் கிண்டும் ராகிக் களியும், அதே வீட்டு பீரோவுக்கு மேல் சணலில் கட்டி வைத்திருக்கும் பழைய சமையல் இதழ்களும் பெரும்பாலும் ஒரே சரக்கால் ஆனவை. இரண்டிலும் இருப்பது குளுக்கோஸ் என்னும் சர்க்கரைதான். களியில் அது மாவுச்சத்தாகக் கோத்திருக்கிறது. தாளில் செல்லுலோஸாகக் கோத்திருக்கிறது. மாவுச்சத்தில் ஒவ்வொரு குளுக்கோஸும் முன்னது திரும்பியிருக்கும் பக்கமே திரும்பி இணைகிறது. அதனால் சங்கிலி சுருள்கிறது. சூடேறும்போது அந்தச் சுருள்களுக்கிடையே தண்ணீர் புகுந்து மாவு ஊதுகிறது. துடுப்பைப் போட்டுக் கிண்டக் கிண்டக் களி இறுகுகிறது. செல்லுலோஸிலோ ஒன்றுவிட்டு ஒன்று குப்புறத் திரும்பி இணைகிறது. இந்தச் சின்னத் திருப்பத்தால் சங்கிலி வளையாமல் நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் அருகருகே படுத்து இறுக ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் கரையாத நாராகிவிடுகின்றன.

நம் உமிழ்நீரிலும் குடலிலும் சுரக்கும் நொதிகள் முதல் வகைப் பிணைப்பை வெட்டிவிடும். இரண்டாவதை அவற்றால் அசைக்க முடியாது. களி நமக்குச் சோறாவதும், சமையல் இதழ் சோறாகாமல் சோற்றுக்கு வழி சொல்வதோடு நிற்பதும் இதனால்தான். ஆனால் அதே வீட்டில் வாழும் வெள்ளிப்பூச்சிக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. இராமபாணம் என்று நம் புலவர்கள் ஏட்டுச்சுவடிக் காலத்தில் அஞ்சிய பூச்சிக் கூட்டத்தில் இதுவும் ஒன்று. மரத்தைத் தின்னும் கரையான்களில் பெரும்பாலானவை செல்லுலோஸைச் செரிக்கத் தம் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் உதவியையும் நாடுகின்றன. வெள்ளிப்பூச்சியும் அப்படித்தானா என்று 1956-இல் லாஸ்கர், கீஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். குடலில் நுண்ணுயிர்களே இல்லாதபடி வளர்த்த பூச்சிகளும் செல்லுலோஸைச் செரித்தன. தேவையான நொதியை அந்தப் பூச்சி தானே சுரக்கிறது. அதற்குக் களியும் உணவு, களி கிண்டும் முறை அச்சான தாளும் உணவு.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கும் இண்டூர் போன்ற ஊர்களில் பழைய இதழ்களைக் கட்டி வைத்திருக்கும் வீடுகளை நான் பெரிதாக மதிக்கிறேன். பாசத்தால் மட்டும் சொல்வதில்லை. சமையல் புத்தகம் மறுபதிப்பு காணும். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ இன்றும் கடையில் கிடைக்கிறது. வார இதழுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒரு வாரம் கடையில் தொங்கும், ஒரு மாதம் நாலு வீடு சுற்றும், பிறகு பழைய பேப்பர் கடைத் தராசுக்குப் போகும், அங்கிருந்து பஜ்ஜிக் கடைக்குப் போகும். அச்சு மையும் அதிலுள்ள எண்ணெய்களும் உணவில் இறங்கும் என்பதால் செய்தித்தாளில் பலகாரம் மடிக்க வேண்டாமென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் எச்சரித்தது. உடம்புக்கு மட்டுமல்ல, இதழ்களின் ஆயுளுக்கும் அது நல்ல அறிவுரை.

நூலகங்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. 1954-இல் வந்த நூல் வழங்கல் சட்டமும் 1956-இல் அதில் சேர்ந்த திருத்தமும் நூல்கள், இதழ்களின் படிகள் சென்னை கன்னிமாரா நூலகம் உட்பட நாட்டின் நான்கு நூலகங்களுக்குச் சேர வேண்டும் என்கின்றன. ஆனால் சமையல் குறிப்பு பெரும்பாலும் இதழின் வயிற்றுக்குள் செருகிய தனிச் சிறுபுத்தகமாக, இலவச இணைப்பாகத்தான் வந்தது. அவள் விகடனோடு வந்த ‘30 வகை’ இணைப்புகளை அறியாத சமையலறை குறைவு. இதழ்களை ஆண்டுவாரியாகத் தைக்கும்போது இப்படிப்பட்ட தளர்ந்த சிறுபுத்தகங்கள் முதலில் நழுவும். வீட்டிலோ நேர்மாறு. இதழ் பழைய பேப்பருக்குப் போய்விடும், இணைப்பு மட்டும் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் தங்கிவிடும். ஆக, நூலகத்தில் நழுவியது வீட்டில் நிற்கிறது.

தமிழின் மிகப் பெரிய அச்சுச் சேகரங்களில் ஒன்று பிறந்ததே ஒரு வீட்டில்தான். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா, நூல்களோடு இதழ்களையும் துண்டறிக்கைகளையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. தமிழ்நாட்டை விட்டு வெளியே போகாமல் அது சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக 1994-இல் நிலைபெற்றது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் வளர்த்த ஞானாலயாவும் ஒரு குடும்பத்தின் உழைப்பே. எது அற்பம், எது அரியது என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல் அவர்கள் சேர்த்தார்கள். அதனால்தான் இன்று ஆய்வாளர்களுக்கு ஐம்பதாண்டு முந்தைய வீட்டு வாழ்க்கை கண்ணில் படுகிறது.

இனி அந்தக் கட்டைப் பிரிப்போம். முதலில் எழுவது வாசம். பழைய தாளின் வாசத்தை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் மத்தியா ஸ்ட்ர்லிச் குழுவினர் 2009-இல் கருவிகளைக் கொண்டு அலசினார்கள். பழந்தாளிலிருந்து காற்றில் கலக்கும் ஆவிகளைப் பிரித்துப் பார்த்தால் வருகிற பெயர்களில் பல சமையலறைக்குச் சொந்தமானவை. புளிப்பு வாடைக்கு அசிட்டிக் அமிலம். வினிகரில் இருப்பதும் அதுவே. வாதுமை மணத்துக்கு பென்சால்டிஹைடு. ஃபர்ஃபூரால் என்ற பொருள், காபிக்கொட்டை வறுக்கும்போதும் ரொட்டி சுடும்போதும் பிறப்பது. கூடவே வெனிலின். ஐஸ்கிரீமில் போடும் வெனிலா மணத்தின் உயிரே அதுதான். மரத்துக்கு விறைப்புக் கொடுக்கும் லிக்னின் என்ற பொருள் சிதையும்போது வெனிலின் பிறக்கிறது. தொழிற்சாலைகளில் மரக்கூழ்க் கழிவிலிருந்தே வெனிலின் செய்வதும் உண்டு. பழைய சமையல் இதழை முகர்ந்து பார்ப்பவருக்கு ஏதோ பலகாரத்தின் நினைவு வந்தால் அது வெறும் கற்பனை அல்ல. அந்த மணப்பொருள்கள் அங்கே உண்மையாகவே இருக்கின்றன.

ஆனால் அந்த மணம் ஒரு சேதத்தின் அறிகுறியும்கூட. மலிவு இதழ்களின் தாள் மரத்தை அரைத்துச் செய்த கூழிலிருந்து வருவது. வேதிப்பொருளில் வேகவைத்துச் செய்யும் கூழில் லிக்னினின் பெரும்பகுதி கழன்றுவிடும். அரைத்த கூழில் அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் ஆக்சிஜனும் படும்போது லிக்னின் நிறமுள்ள பொருள்களாக மாறுகிறது. தாள் பழுப்பது இதனால்தான். ஒரு பக்கத்தின் ஓரம் பழுத்து நடு வெளுத்திருப்பதைப் பார்க்கலாம்; ஓரத்துக்குத்தானே காற்றும் வெளிச்சமும் முதலில் எட்டுகின்றன. இன்னொரு பக்கம் அமிலம். மை ஊறிப் பரவாமல் இருக்கத் தாளில் பிசினையும் படிகாரத்துக்கு உறவான அலுமினியம் சல்பேட்டையும் சேர்க்கும் முறையை 1807-இல் ஜெர்மானியர் மொரிட்ஸ் இல்லிக் வெளியிட்டார். உலகம் முழுக்க அது பரவியது. தாளில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து அந்த உப்பு அமிலத்தைக் கொடுக்கிறது. அமிலம் செல்லுலோஸ் சங்கிலியை நடுநடுவே வெட்டுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் புதிய அமிலங்கள் பிறக்கின்றன, அவையும் வெட்டுகின்றன. ஆயிரக்கணக்கில் குளுக்கோஸ் கோத்திருந்த சங்கிலி சில நூறாகக் குறையும்போது தாளை மடித்தால் ஒடிகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம் பாரோ என்பவர் 1950-களில் பழைய தாள்களை மடித்து மடித்துச் சோதித்து, நூலகங்களையே கலங்க வைத்த உண்மை இது. முந்நூறு ஆண்டுப் பழைய துணிக்கூழ்த் தாள் வளையும். ஐம்பதாண்டுப் பழைய மரக்கூழ்த் தாள் நொறுங்கும்.

நம் இதழ்களின் தாள் எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கதை. மத்தியப் பிரதேசத்தின் நேபாநகரில் ஆலை 1950-களின் நடுவில் ஓடத் தொடங்கும் வரை செய்தித்தாள் காகிதத்துக்கு இந்தியா வெளிநாட்டையே நம்பியிருந்தது. தமிழ்நாடு அரசு 1979-இல் நிறுவிய செய்தித்தாள் காகித ஆலை கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் 1980-களின் நடுவில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் முதன்மை மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரையைப் பிழிந்தெடுத்த பின் மிஞ்சுவதைக் கூழாக்கித் தாள் செய்தார்கள். சர்க்கரைப் பொங்கல் குறிப்பு அச்சான அந்தத் தாளும் ஒரு காலத்தில் கரும்பாக நின்றிருக்கக் கூடும்.

பழைய இதழ் சேர்ப்பவர்களில் பலர் செய்கிற ஒரு காரியத்தோடு எனக்கு உடன்பாடில்லை. கறை படியாத, கசங்காத படியைத்தான் தேடுவார்கள். கறை பட்ட பக்கத்தைக் கிழிக்கவும் துணிவார்கள். சமையல் இதழைப் பொறுத்தவரை கறைதான் சாட்சி. நாற்பது குறிப்பு அச்சான புத்தகத்தில் எந்த மூன்றை வீட்டில் உண்மையிலேயே செய்தார்கள் என்று எந்தப் பதிப்பாளரும் சொல்ல முடியாது. எண்ணெய்ப் பொட்டு சொல்லிவிடும்.

அந்த எண்ணெய்ப் பொட்டுக்குள் ஒளியியல் இருக்கிறது. தாள் வெள்ளையாகத் தெரிவது அதன் நார் வெள்ளை என்பதால் அல்ல. தனி நார் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவக் கூடியது. நாருக்கும் நாருக்கும் நடுவே காற்று இருக்கிறது. காற்றிலிருந்து நாருக்குள்ளும் நாரிலிருந்து காற்றுக்குள்ளும் நுழையும்போதெல்லாம் ஒளி வளைந்தும் சிதறியும் திரும்புகிறது. அந்தச் சிதறலே வெண்மை. ஒளியை வளைக்கும் திறன் காற்றுக்கு 1, செல்லுலோஸுக்குச் சுமார் 1.5. சமையல் எண்ணெய்க்கு 1.47 அளவில். எண்ணெய் ஊறியதும் காற்று இருந்த இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. நாருக்கும் எண்ணெய்க்கும் வேறுபாடு மிகக் குறைவு என்பதால் ஒளி சிதறாமல் நேரே கடக்கிறது. பின்பக்கத்து எழுத்து தெரிய ஆரம்பிக்கிறது. மோர்க்குழம்புக் குறிப்பைப் படிக்கையில் மறுபக்கத்துச் சோப்பு விளம்பரமும் சேர்ந்து தெரிவதற்குக் காரணம் இதுவே.

எந்த எண்ணெய் என்பதையும் காலம் காட்டிக் கொடுக்கும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்றது; ஆக்சிஜன் அதை எளிதில் தாக்காது, கறை நெடுநாள் வெளிறியே இருக்கும். சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் ஆக்சிஜனோடு கூடிப் பிசுபிசுத்துப் பழுப்பாகும். நல்லெண்ணெயிலும் ஆக்சிஜன் தாக்கக்கூடிய கொழுப்பு ஏராளமாக இருக்கிறது. ஆனால் எள்ளுக்கே உரிய சில பொருள்கள் அதைக் காத்து நிற்கின்றன. ஊறுகாய்க்கு நல்லெண்ணெயை ஊற்றிய நம் பாட்டிமார் கண்டறிந்ததும் இதையே.

மஞ்சள் கறை இன்னும் நுட்பமானது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் அமிலத்தில் மஞ்சளாக இருக்கும், காரத்தில் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள்நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவப்பது அந்த மாற்றம்தான். பழைய இதழில் விழுந்த மஞ்சள் கறை முப்பது ஆண்டு கழித்தும் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கிறது. தாள் அமிலமாக இருக்கிறது என்பதோடு அது முரண்படவில்லை. ஆவணக் காப்பகங்களில் அமிலத்தைப் போக்க சுண்ணாம்பு நீர் போன்ற காரக் கரைசல்களில் தாளை நனைத்தெடுக்கும் முறை உண்டு; பாரோவும் அதைச் செய்தார். சமையல் இதழுக்கு அதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. மை இளகலாம், தாள் பிய்யலாம், மஞ்சள் கறையெல்லாம் சிவந்துவிடும். குர்குமினுக்கு இன்னொரு பலவீனம் வெளிச்சம். வெயில் பட்டால் சில நாளில் வெளுத்துவிடும். ஆகவே மஞ்சள் கறை பளிச்சென்று இருக்கும் பக்கம் பெரும்பாலும் மூடியே கிடந்த பக்கம்.

வண்ணப் படங்களின் கதை வேறு. கடை வாசலில் வெயிலில் தொங்கிய அட்டையில் கேசரி நீலம் பாரித்திருக்கும். மிளகாய் வற்றலும் நீலச் சாம்பலாகியிருக்கும். வண்ண அச்சு மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு என்ற நான்கு மைகளின் சேர்க்கை. நீலத்துக்குப் பயன்படும் தாமிரம் கலந்த நிறமி வெளிச்சத்தை அபாரமாகத் தாங்கும். மஞ்சளும் சிவப்பும் தாங்காமல் முதலில் போய்விடும். கருப்பு மையோ வெறும் கரி. அது மங்குவதே இல்லை. படம் போனாலும், தாளே நொறுங்கினாலும் ‘தேவையான பொருட்கள்’ என்ற எழுத்து கருப்பாகவே இருக்கும்.

அட்டை போய், முதல் பக்கமும் போய், நடுவில் நாலு தாள் மட்டும் கையில் கிடைத்தால் அதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தத் துப்பறியும் வேலைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. குறிப்பில் வீசை, பலம், ஆழாக்கு இருக்கிறதா, கிராம், லிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் மெட்ரிக் எடை 1958 அக்டோபரில் படிப்படியாகத் தொடங்கி 1962-இல் கட்டாயமானது. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது என்று கொள்ளலாம். நயா பைசா என்றிருந்தால் அதற்கும் 1964-க்கும் இடைப்பட்டது. ‘மூன்று விசில்’ என்ற சொல் வந்துவிட்டால் குக்கர் வீட்டுக்குள் வந்துவிட்டது. பிரஸ்டீஜ், ஹாக்கின்ஸ் குக்கர்கள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 1959-இல். ‘மிக்ஸியில் அரைத்து’ என்றால் மிக்ஸி வீட்டுக்குள் வந்த காலத்துக்கு முன்னால் போக முடியாது. ‘தணலில் வை’ என்பது விறகடுப்பு, கரியடுப்பின் மொழி. ‘சிம்மில் வை’ என்பது கேஸ் அடுப்பின் மொழி. இண்டேன் சிலிண்டர் 1965-இல் கல்கத்தாவில் தொடங்கித்தான் நாடெங்கும் பரவியது.

விளம்பரங்களையும் விடக் கூடாது. முகவரியில் ‘சென்னை-2’ என்று நின்றுவிட்டால் ஒரு காலம். ‘600 002’ என்று ஆறு இலக்கம் இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது, அஞ்சல் குறியீட்டு எண் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. எழுத்தே ஒரு நாள்காட்டி. ‘லை’, ‘னை’, ‘ணை’ எழுத்துகளின் தலையில் யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய கொம்பு இருக்கிறதா? பெரியார் 1935 முதல் தம் ஏட்டில் கையாண்ட சீர்திருத்த எழுத்தைத் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஏற்றது. அதன்பின் இதழ்கள் ஒவ்வொன்றாக மாறின.

இதில் ஒரு எச்சரிக்கை தேவை. பழைய சொல் இருப்பதால் இதழ் பழையது என்று முடிவுகட்ட முடியாது. ஆழாக்கு என்று எழுதும் அம்மாக்கள் எழுபதுகளிலும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். புதிய சொல் இருந்தால் மட்டும் உறுதி: இதற்கு முந்தையது அல்ல. ஆக ஒவ்வொரு புதிய சொல்லும் வயதுக்கு ஒரு வேலி போடுகிறது. நாலைந்து வேலிகள் சேரும்போது கிழிந்த தாளின் காலம் சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். மண்ணடுக்கில் கிடைத்த நாணயத்தை வைத்து அடுக்கின் வயதைச் சொல்லும் தொல்லியலாளரின் தருக்கமும் இதே.

பாதுகாப்புக்கு வருவோம். தஞ்சை சரசுவதி மகாலில் சுவடிகளுக்கும் நூல்களுக்கும் நடுவே ஒரு பொடியைத் துணியில் முடிந்து வைப்பது நெடுநாள் வழக்கம். வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை, கற்பூரம் சேர்ந்த பொடி அது. அதே நூலகத்தில்தான் மராட்டிய அரசவைச் சமையலைச் சொல்லும் சரபேந்திர பாக சாஸ்திரமும் இருக்கிறது. சமையலைச் சொல்லும் சுவடியைச் சமையலறைச் சரக்கே காக்கிறது. செடி தன்னைத் தின்ன வரும் பூச்சிகளுக்கு எதிராகச் செய்து வைத்த நஞ்சுகளில் பலவற்றைத்தான் நாம் மசாலா மணம் என்கிறோம். கிராம்பின் யூஜினால், வசம்பின் அசரோன் ஆகியவை பூச்சியை விரட்டுவது அந்தப் பழைய பகையின் தொடர்ச்சி. பொடியின் வீரியம் ஆவியில்தான் இருக்கிறது; ஆவி போய்விட்டால் மாற்ற வேண்டும். முடிச்சு தாளில் நேராகப் படக் கூடாது, எண்ணெய் இறங்கும்.

குறிப்புகளை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கும் பழக்கம் நல்லது. ஆனால் சோற்றுப் பசையிலும் மைதாப் பசையிலும் ஒட்டினால் வெள்ளிப்பூச்சிக்கு இலை போட்ட மாதிரி. புத்தகம் கட்டுபவர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது இதற்காகவே. அது நஞ்சு, வீட்டில் வேண்டாம். ஒட்டாமல் காகித உறையில் போட்டு வைப்பதே மேல். பழுப்பேறும் செலோ டேப்பும் வேண்டாம். ஸ்டேபிள் கம்பியை மெதுவாகக் கழற்றிவிட வேண்டும். துரு தாளைக் கறைப்படுத்துவதோடு நிற்காது. இரும்பு, செல்லுலோஸ் அறுபடுவதை வேகப்படுத்துகிறது.

பூச்சி வந்துவிட்டால்? வெயிலில் காய வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். மரக்கூழ்த் தாளுக்கு வெயில் ஆகாது. பூச்சி ஓடிவிடும், தாள் பழுத்துவிடும். ஃபிரிட்ஜின் உறைபெட்டி நல்ல மருந்து. இதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் காற்றை வெளியேற்றி இறுக்கி மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் மடியும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்து சேரும்வரை ஒரு நாள் அப்படியே விட வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த தாளின் மேல் காற்றின் ஈரம் முத்துமுத்தாகப் படியும். வழவழப்பான தாளில் பூசிய களிமண் பூச்சு நனைந்து பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

இண்டூருக்கு ஒரு நன்மையும் ஒரு கெடுதலும் உண்டு. கடலிலிருந்து விலகிய உள்நாட்டு மேட்டு நிலம் என்பதால் சென்னை போல ஆண்டு முழுக்கப் புழுங்காது. காற்றின் ஈரம் எழுபது விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடிப்பது அரிது. மழைக்காலத்து அடைப்பு நாள்களில் மட்டும் கவனமாக இருந்தால் போதும். கெடுதல் வெயில். சூடு பத்து டிகிரி ஏறினால் தாள் சிதையும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும், சில தாள்களில் அதற்கும் மேல். தகரக் கூரை வீட்டில் பரண்தான் மிகச் சூடான இடம். நாம் பழையதையெல்லாம் ஏற்றி வைப்பதும் அங்கேதான். ஏட்டுச்சுவடிக் காலத்தில் அடுப்புக்கு மேல் பரணில் வைத்தது சரி, புகை பூச்சியை அண்டவிடவில்லை. மரக்கூழ்த் தாளுக்கு அது பொருந்தாது. வெயில் படாத உட்சுவர்ப் பக்கம், சுவரை ஒட்டாமல், தரையைத் தொடாமல், பீரோவின் நடுத்தட்டில் படுக்கப் போட்டு வைக்க வேண்டும். சரஸ்வதி பூஜைக்கு எடுத்து அடுக்கித் தூசி தட்டும் வழக்கத்தை இந்தக் கட்டுக்கும் நீட்டினால், வெள்ளிப்பூச்சியின் நிம்மதியை ஆண்டுக்கு ஒருமுறையாவது கலைத்துவிடலாம்.

சேர்த்து வைத்த குறிப்புகளால் என்ன தெரியவரும் என்பதற்கு ஒரு சான்று சொல்ல வேண்டும். 2015-இல் ஜோத்பூர் ஐஐடியைச் சேர்ந்த கணேஷ் பாக்லர் குழுவினர் 2,500-க்கும் மேற்பட்ட இந்தியச் சமையல் குறிப்புகளைக் கணினியில் அலசினார்கள். மேல்நாட்டுச் சமையலில் ஒரே மணப்பொருள்களைப் பகிர்ந்துகொள்ளும் பொருள்கள் ஒன்றாகச் சேரும் போக்கு உண்டென்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. இந்தியக் குறிப்புகளில் நேர்மாறு. மணத்தால் விலகி நிற்பவை ஒரே சட்டியில் கூடுகின்றன, அந்தக் கூட்டலை நடத்துபவை மசாலாப் பொருள்கள். ஒரே இணையதளத்தின் குறிப்புகளிலிருந்து கிடைத்த முடிவு இது. ஐம்பது ஆண்டு இதழ்களில், பெயரும் ஊரும் போட்டு வாசகிகள் அனுப்பிய ஆயிரமாயிரம் குறிப்புகளை இப்படி அலசினால், எந்த ஊரில் எந்த ஆண்டு புளிக்குப் பதில் தக்காளி நுழைந்தது, எப்போது மைதா வந்தது என்றெல்லாம் கேட்க முடியும். கேள்வி தயார், தரவுதான் பீரோக்களின் மேல் கிடக்கிறது.

அந்தத் தரவில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. பழைய இதழ்களைப் புரட்டுகையில் பாதாம் அல்வாவும் பட்டாணிப் புலாவும் கண்ணில் படுகிற அளவுக்கு ராகிக் களியும் கொள்ளுக் கடைசலும் சாமைச் சோறும் படுவதில்லை. தர்மபுரி வட்டாரத்தின் அன்றாடச் சாப்பாடு அச்சேறுவதற்கு உரியதென்று அன்று எண்ணப்படவில்லை. இன்று காற்று திரும்பியிருக்கிறது: 2023-ஐ ஐக்கிய நாடுகள் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, அதே ஆண்டு மே மாதம் தமிழக அரசு ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது நீலகிரியிலும் தர்மபுரியிலும்தான். ராகி தோசை, ராகி கேக் என்று புதுக் குறிப்புகள் வருகின்றன. ஆனால் தண்ணீர் எவ்வளவு, மாவை எப்போது கொட்ட வேண்டும், துடுப்பை எந்தப் பக்கம் சுழற்ற வேண்டும், கட்டி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் இன்னமும் வயதானவர்களின் கையில்தான் இருக்கிறது.

அதை எழுதி வைக்கப் பெரிய வசதி எதுவும் வேண்டாம். இன்று கடையில் கிடைக்கும் ஜெராக்ஸ் தாள் பெரும்பாலும் அமிலமற்றது; சுண்ணாம்பின் உறவான கால்சியம் கார்பனேட்டை நிரப்பிச் செய்வதால், வரும் அமிலத்தையும் அது கொஞ்சம் அடக்கிக்கொள்ளும். பழைய இதழ்களைவிட அதற்கு ஆயுள் அதிகம். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மங்கலாம், பென்சிலின் கரி மங்காது. யார் சொன்னது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று அடியில் குறித்துவிடுங்கள். எழுதிய தாளைப் பழைய இதழ்களுக்கு நடுவே செருக மட்டும் வேண்டாம். பக்கத்துத் தாளின் அமிலம் இதற்கும் பரவும்; தனி உறையில் போட்டு அந்தக் கட்டின் மேலேயே வையுங்கள்.